கொரோலா 110இல் பூட் றப்பர் கிழிந்தால்: றப்பரை மாற்றுவதா, ஷாஃப்டை மாற்றுவதா?

கொரோலா 110 வைத்திருப்பவர்கள் முன்சில்லைக் கழற்றும்போதெல்லாம் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கியர் பெட்டியிலிருந்து சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் வெளிமுனையில், சில்லுக்கு உட்பக்கமாக, மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு றப்பர் இருக்கும். அங்குள்ள ஜொயின்ட்டையும் அதன் கிறீஸையும் மூடிக் காக்கும் இதுதான் பூட் றப்பர். மேலோட்டமாகப் பார்த்தால் நல்லதாகவே தெரியும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பிவிட்டு, மடிப்புகளை விரலால் விரித்துப் பார்த்தால்தான் பள்ளத்தில் ஓடும் வெடிப்பு கண்ணில் படும். ரிம்மின் உட்பக்கத்திலும் ஷொக் அப்சோர்பரின் அடிப்பகுதியிலும் கறுப்புக் கிறீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் வெடிப்பைத் தேடத் தேவையில்லை, றப்பர் கிழிந்து சில நாட்களாவது ஆகிவிட்டது.

இலங்கையில் இந்த வேலை பலர் தலையில் விழுவதற்குக் காரணம் தெரிந்ததுதான். 1995 முதல் 2000 வரை ஜப்பானில் விற்ற மாதிரி இது. ரீகண்டிஷனாக இங்கே வந்து இறங்கிய கார்கள் இன்றும் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடையில் 2022இல் ரூபாய் சரிந்து சாமான் விலையும் ஏறியது. அந்த ஆண்டுகளில் பழைய காரை மாற்றும் எண்ணத்தை விட்டுத் திருத்தி ஓட்டப் பழகியவர்கள் ஏராளம்.

றப்பர் கிழிந்த காரோடு கடைக்குப் போனால் ஆறு வழிகள் சொல்வார்கள்: பிளந்து ஒட்டும் றப்பர், இழுத்துப் போடும் றப்பர், முழு பூட் கிற், வெளி ஜொயின்ட் மட்டும், ஜப்பானில் பாவித்த ஷாஃப்ட், பெட்டியில் வரும் மலிவான புதிய ஷாஃப்ட். இவற்றில் எது சரி என்பது விலையில் தொடங்கும் கேள்வி அல்ல. கிழிந்து எவ்வளவு காலம், ஜொயின்ட்டுக்குள் மணல் போய்விட்டதா என்பதில்தான் அது தொடங்குகிறது. ஜொயின்ட் நல்லதாக இருந்தால், காரோடு வந்த ஷாஃப்டுக்குப் புது றப்பரும் புதுக் கிறீஸும் போட்டு மறுபடி பொருத்துவதை மிஞ்சிய வழி இல்லை. மலிவான புதிய ஷாஃப்டை வாங்கிக்கொண்டு அசல் ஷாஃப்டைப் பழைய இரும்புக்குப் போடுவது, நல்ல உருக்கைக் கொடுத்துத் தரம் தெரியாத உருக்கை வாங்குவதாகும்.

ஜொயின்ட் நல்லதா, போய்விட்டதா

வெளிமுனையில் இருப்பது ஆறு குண்டுகள் கொண்ட ஜொயின்ட். ஸ்டியரிங் திரும்பும்போது பெரிய கோணத்தில் மடிவது இதுதான். கியர் பெட்டிப் பக்கம் இருப்பது மூன்று உருளைகள் கொண்ட ட்ரைபொட். சில்லு மேலும் கீழும் போகும்போது நீளத்தைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை. இரண்டும் கெட்டுப்போகும் விதம் வேறு, கொடுக்கும் அறிகுறியும் வேறு.

வெளி ஜொயின்ட் தேய்ந்தால் முழுதாகத் திருப்பி மெதுவாக அக்சிலரேற்றரை அழுத்தும்போது டக் டக் டக் என்று கேட்கும், சில்லின் வேகத்தோடு சத்தமும் கூடும். வெறுமையான இடத்தில் இரண்டு பக்கமும் வட்டம் அடித்துப் பாருங்கள், பின்னோக்கியும் ஓட்டிப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலது சில்லில் விழுவதால் அப்போது கேட்கும் சத்தம் பெரும்பாலும் வலது ஜொயின்ட்டினுடையது. உள் ஜொயின்ட் தேய்ந்தால் டக் டக் வராது. நேர் வீதியில் வேகம் எடுக்கும்போது கார் பக்கவாட்டில் நடுங்கும், அக்சிலரேற்றரை விட்டதும் நடுக்கம் நிற்கும். இந்த இரண்டும் இல்லாமல் வேகத்தோடு கூடும் தொடர்ச்சியான இரைச்சல் மட்டும் கேட்டால் அது சில்லு பெயாரிங். அதற்கு ஷாஃப்ட் மாற்றிப் பயன் இல்லை.

சத்தம் இன்னும் வராத காரில் கிறீஸே சாட்சி சொல்லும். கிழிந்த இடத்திலிருந்து கொஞ்சம் கிறீஸ் எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். பிறகு அதை வெள்ளைத் துணியில் தடவி, சில துளி மண்ணெண்ணெய் விட்டால் கிறீஸ் கரைந்து பரவிவிடும். உள்ளே இருந்த மணலும் இரும்புத் தூளும் துணியில் நிற்கும். துணிக்கு அடியில் ஒரு காந்தத்தை நகர்த்தினால் எது இரும்பு என்று தெரிந்துவிடும். சாம்பல் நிறச் சாயம் இருப்பது சாதாரணம், அது கிறீஸில் கலந்திருக்கும் மொலிப்டினம். மினுங்கும் துகள் இருந்தால் குண்டுகள் ஓடும் தடம் உரியத் தொடங்கிவிட்டது.

இன்னொரு சோதனை: எஞ்சினை நிறுத்தி, ஷாஃப்டை ஒரு கையாலும் வெளி ஜொயின்ட்டின் கிண்ணத்தை மறு கையாலும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் அசைவு உணரப்படக் கூடாது. முழு ஷாஃப்டும் சேர்ந்து கொஞ்சம் ஆடினால் பயப்பட வேண்டாம், அது இரு சில்லுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷலின் பற்களுக்கிடையிலான இடைவெளி.

சத்தத்தோடு அப்படியே ஓட்டுவதையும் சிலர் ஒரு வழியாக வைத்திருக்கிறார்கள். சத்தம் வந்த ஜொயின்ட் பல மாதம் ஓடக்கூடும் என்பது உண்மை. ஆனால் அது உடையும் நாளில் கார் நகராது. ஓட்டோ கியர் காராக இருந்தால் இன்னும் மோசம்: ஒரு பக்க ஷாஃப்ட் உடைந்த பிறகு பி-யில் போட்டாலும் கார் நிற்காது. உடைந்த பக்கத்தை டிஃபரென்ஷல் சும்மா சுற்ற விட்டுவிடும், மறு சில்லு தாராளமாக உருளும். சரிவில் நிறுத்தினால் கைப்பிறேக் ஒன்றுதான் துணை.

றப்பர் மட்டும் மாற்றும் மூன்று வழிகள்

பிளந்து ஒட்டும் றப்பர் எதையும் கழற்றாமல் போடக்கூடியது. நீளவாக்கில் திறந்திருக்கும் றப்பரை ஷாஃப்டில் சுற்றி, விளிம்பைப் பசையால் ஒட்டி, இரு முனையிலும் கிளிப் போடுவார்கள். பசை பிடிக்க வேண்டுமானால் விளிம்பில் கிறீஸின் சாயல்கூட இருக்கக் கூடாது. கிறீஸ் நிறைந்த ஜொயின்ட்டின் மேல், காருக்கு அடியில் படுத்தபடி அந்தச் சுத்தத்தைக் காப்பது மிகக் கடினம். ஒட்டிய கோடு ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து விரிவதால் அங்கேதான் முதலில் விடும். அதோடு பழைய கிறீஸைக் கழுவ வழியில்லாமல் மணலை உள்ளே வைத்தே மூடுகிறோம். தூரப் பயணத்தில் நடுவழியில் கிழிந்து, ஊர் திரும்பும்வரை தாக்குப்பிடிக்க வேண்டுமானால் மட்டும் இதைப் பாவிக்கலாம்.

இழுத்துப் போடும் றப்பர் மெல்லியது, நன்றாக விரியும். ஒரு பிளாஸ்டிக் கூம்பின் மேல் சவர்க்கார நீரோ சிலிக்கோனோ பூசி, அதை வெளி ஜொயின்ட்டின் மேலாக இழுத்து ஷாஃப்டுக்குக் கொண்டுபோவார்கள். ஷாஃப்டைக் கியர் பெட்டியிலிருந்து கழற்ற வேண்டியதில்லை, சில்லு பூட்டப்படும் ஹப்பிலிருந்து விடுவித்தால் போதும். கியர் ஒயில் வடிக்கும் வேலையும் ஒயில் சீல் மாற்றும் வேலையும் மிச்சம். வெளி ஜொயின்ட்டைக் காரிலேயே தொங்கவிட்டபடி ஓரளவு கழுவவும் முடியும். பல அளவுக் கார்களுக்குப் பொதுவாக வருவதால், சிறிய முனையை ஷாஃப்டின் தடிப்புக்குச் சரியான படியில் வெட்ட வேண்டும். ஒரு படி தவறினால் கிளிப் எவ்வளவு இறுக்கினாலும் கிறீஸ் கசியும். றப்பர் மெல்லியதாக இருப்பதால் அசலின் ஆயுளை எதிர்பார்க்க முடியாது. ஆனால் கிழிந்து ஓரிரு நாளிலேயே கண்டுபிடித்தவருக்கு, வேலைக்கு ஒரு காலைப் பொழுது மட்டுமே இருப்பவருக்கு, இது மதிக்கத்தக்க வழி.

முழு பூட் கிற் என்பது காருக்கென்றே வார்த்த றப்பர், அளவாகப் பொதி செய்த கிறீஸ், கிளிப்புகள், முனையைப் பூட்டிப் பிடிக்கும் லொக் ரிங் எல்லாம் சேர்ந்தது. இந்த ஷாஃப்டில் வெளி ஜொயின்ட்டைப் பிரிக்கக் கூடாது என்பது டொயோட்டாவின் முறை. அதனால் வெளி றப்பரை மாற்றவும் உள் ட்ரைபொட்டைக் கழற்றி, அந்தப் பக்கமாகத்தான் உருவி எடுக்க வேண்டும். உள் றப்பர் எப்படியும் கழன்று கைக்கு வருகிறது. அதனால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே புத்தி. வேலை நேரம் ஒன்றுதான், கூடுவது ஒரு றப்பரின் விலை மட்டும்.

கிற் வாங்கும்போது றப்பரின் வகையைப் பாருங்கள். மென்மையான கறுப்பு றப்பர் ஒரு வகை, நகத்தால் அழுத்தினால் இளகாத கடினமான தேர்மோபிளாஸ்டிக் இன்னொரு வகை. கடினமானது வெயிலையும் கல்லடியையும் நன்றாகத் தாங்கும். ஆனால் சாதாரணப் பட்டைக் கிளிப் அதை இறுக்கிப் பிடிக்காது. காது வைத்த உலோகக் கிளிப்பும் அதை நெரிக்கும் குறடும் தேவை. பிளாஸ்டிக் கேபிள் டை எந்த வகைக்கும் ஆகாது, சுழலும் வேகத்தில் கிறீஸ் வெளிப்பக்கமாகத் தள்ளும்போது அது நெகிழ்ந்துவிடும்.

ஜொயின்ட் போய்விட்டால்

வெளி ஜொயின்ட் மட்டும் புதிதாக வாங்கலாம். என்.டி.என். போன்ற, ஜொயின்ட் செய்வதையே தொழிலாகக் கொண்ட ஜப்பான் நிறுவனத்தின் சாமான் உண்மையாகக் கிடைத்தால் நல்ல தெரிவு. ஷாஃப்டும் உள் ட்ரைபொட்டும் அசலாகவே இருக்கும். சிக்கல் பழையதைக் கழற்றுவதில் இருக்கிறது. உள்ளே லொக் ரிங் பிடித்திருக்கும். ஷாஃப்டை வைஸில் பிடித்து, உள் வளையத்தில் பித்தளைக் கம்பி வைத்து ஓங்கி அடிக்க வேண்டிவரும். சில அடியில் வருவதும் உண்டு, அசையாமல் நிற்பதும் உண்டு. ஏ.பி.எஸ். (பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகி நிற்காமல் காக்கும் அமைப்பு) உள்ள காரானால் வெளி ஜொயின்ட்டைச் சுற்றிப் பல் வளையம் இருக்கும். புதியதில் அது இருக்கிறதா, பல் எண்ணிக்கை ஒன்றா என்று எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும். ஹப்புக்குள் போகும் பற்கள், ஷாஃப்ட் போகும் பற்கள் இரண்டையும் தனித்தனியாக எண்ண வேண்டும்.

பாவித்த ஷாஃப்டுக்குக் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையைத் தவிர்த்து யாரும் பேசமாட்டார்கள். ஜப்பானில் பிரித்த கார்களின் முன்பகுதியோடு வந்த ஷாஃப்டுகள் அங்கே கட்டுக்கட்டாகக் கிடக்கும். இதில் கிடைப்பது அசல் உருக்கு, அசல் அளவு. கிடைக்காதது உத்தரவாதம். ஆகவே கடையிலேயே நேரம் எடுத்துப் பார்க்க வேண்டும். வெளி ஜொயின்ட்டை முழுதாக மடித்துச் சுற்றும்போது ஓரிடத்தில்கூடக் கட்டிப்பட்டது போல் தடங்கக் கூடாது. ட்ரைபொட்டை உள்ளே தள்ளி வெளியே இழுத்தால் வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். கியர் பெட்டிக்குள் போகும் முனையில் ஒயில் சீலின் உதடு உட்காரும் மினுமினுப்பான வளையத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். துருப்பள்ளம் நகத்தில் சிக்கினால் அந்த ஷாஃப்ட் வேண்டாம், எத்தனை புதுச் சீல் போட்டாலும் ஒயில் கசியும். வெளிமுனைப் புரியில் சுத்தியலால் அடித்து மலர்ந்த அடையாளம் இருக்கிறதா என்பதையும் நட்டைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள்.

110 என்று மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. 1498 சி.சி. பெற்றோல் எஞ்சினான 5ஏ-எஃப்.ஈ. போட்ட காருக்கும் டீசல் காருக்கும், மனுவல் கியருக்கும் ஓட்டோவுக்கும் ஷாஃப்ட் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே நிச்சயமான வழி. கியர் பெட்டி இடப்பக்கம் இருப்பதால் இடது ஷாஃப்ட் கட்டை, வலது நீளம். தேய்ந்த தடத்தை மறுபக்கம் வேலை செய்ய வைக்க இடதையும் வலதையும் மாற்றிப் போடும் பழைய தந்திரம் இந்தக் காரில் எடுபடாது.

எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும் பாவித்த ஷாஃப்டின் றப்பர் இருபது ஆண்டைத் தாண்டியது. அப்படியே பொருத்தினால் சில மாதத்தில் இதே வேலை திரும்பி வரும். வாங்கிய அன்றே புது பூட் கிற்றும் வாங்கி, மேசையில் வைத்துக் கழுவிக் கிறீஸ் மாற்றிய பிறகே பொருத்த வேண்டும். ஆக இந்த வழியின் உண்மையான செலவு ஷாஃப்டும் கிற்றும் சேர்ந்தது. அந்தக் கூட்டுத்தொகையோடுதான் புதிய ஷாஃப்டின் விலையை ஒப்பிட வேண்டும்.

பெட்டியில் வரும் மலிவான புதிய ஷாஃப்டின் கவர்ச்சி வெளிப்படையானது. றப்பர், கிறீஸ், நட்டு எல்லாம் பொருத்தி வரும், கையில் அழுக்கே படாது. வேலை அரைவாசியாகக் குறைகிறது. ஆனால் குண்டு ஓடும் தடத்தைக் கடினப்படுத்தும் வெப்பப் பதம் ஆழமில்லாமல் இருந்தால் மேற்படை உரிந்து, அசல் ஓடிய தூரத்தில் சிறு பங்கை ஓடுவதற்குள் சத்தம் வந்துவிடும். இதை வாங்கும்போது கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது குறை ஓட்டோ கார்களில் தெரியும். டி-யில் போட்டு பிறேக்கை மிதித்து நிற்கும்போது ஸ்டியரிங்கும் ஆசனமும் நடுங்கும். எஞ்சின் சும்மா ஓடும்போது அதன் அசைவை ட்ரைபொட் உருளைகள் வழுக்கி விழுங்க வேண்டும். உள்ளே உரசல் கூடிய, இறுக்கமாகச் செய்த ட்ரைபொட் வழுக்காமல் அந்த அசைவைச் சில்லுக்கும் பொடிக்கும் கடத்திவிடுகிறது. சில அசல் ஷாஃப்டுகளின் நடுவில் இருக்கும் றப்பர்ப் பாரம் மலிவானவற்றில் இல்லாமல் வருவதும் நடுக்கத்துக்குக் காரணம். எஞ்சின் மவுண்ட் வெடித்தாலும் இதே நடுக்கம் வரும். ஆகவே ஷாஃப்ட் மாற்றும் முன்பே மவுண்டுகளைப் பார்த்துவையுங்கள். மாற்றிய அன்றே நடுக்கம் தொடங்கியதா என்று பிறகு குழம்ப வேண்டியிராது.

புதியதைத்தான் வாங்குவது என்று முடிவானால், பழையதோடு சேர்த்து நிலத்தில் கிடத்தி, இரண்டையும் முழுதாக உள்ளே தள்ளிய நிலையில் நீளம் பாருங்கள். பற்கள், புரி, சீல் உட்காரும் இடத்தின் விட்டம் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். பழைய ஷாஃப்டைக் கடைக்காரரிடம் விட்டுவராதீர்கள். ஒரு முனை கெட்ட அசல் ஷாஃப்டின் மறுமுனை நல்லதாக இருக்கும், பின்னொரு நாள் இன்னொரு அசலுக்குத் துணையாகும்.

கழற்றும் வேலை

ஒட்டும் றப்பரைத் தவிர எல்லா வழிக்கும் இது பொது. இழுத்துப் போடும் றப்பருக்கு ஹப் பக்கத்து வேலை மட்டும் போதும், ஒயில் வடிப்பதும் கியர் பெட்டிப் பக்கம் கழற்றுவதும் தேவையில்லை. தேவையானவை: 30 மில்லிமீற்றர் ஆழமான சொக்கற், அரை அங்குல நீளக் கைபிடி, சில்லு நட்டுக்கு 21, கீழ்க்கை போல் ஜொயின்ட்டுக்கு 17, ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் டை ரொட்டின் முனைக்குச் சரியான அளவு சொக்கற், போல் ஜொயின்ட் பிரிக்கும் திருகு, இரண்டு ஸ்டாண்ட், 200 நியூட்டன் மீற்றருக்கு மேல் காட்டும் டோர்க் ரென்ச். கவட்டை போன்ற இரும்பை அடித்து போல் ஜொயின்ட்டைப் பிரித்தால் அதன் றப்பர் கிழியும். ஒரு றப்பரை மாற்றப் போய் இன்னொன்றைக் கிழிக்க வேண்டாம்.

ஹப் நட்டை கார் நிலத்தில் நிற்கும்போதே இளக்க வேண்டும். ஸ்பிளிட் பின்னையும் அதன் கீழுள்ள தொப்பியையும் எடுத்துவிட்டு, முதல் நாளே துருநீக்கி அடித்து வையுங்கள். ஒருவர் பிறேக்கை மிதித்திருக்க, கைபிடியில் குழாய் ஒன்றைச் செருகி உடல் பாரத்தால் அழுத்தினால் இளகும். இளக்கினால் போதும், கழற்ற வேண்டாம். நட்டு இளகிய நிலையில் காரை உருட்டக் கூடாது, ஷாஃப்டை வெளியே எடுத்த பிறகு அந்தச் சில்லை நிலத்தில் ஊன்றவும் கூடாது. ஹப் பெயாரிங்கின் உள்வளையங்களை இறுக்கிச் சேர்த்து வைத்திருப்பது அந்த நட்டுத்தான். இறுக்கம் இல்லாமல் காரின் பாரம் விழுந்தால் பெயாரிங் கெட்டு, அடுத்த வாரம் இரைச்சல் கேட்கும்.

காரைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்து, சில்லை எடுத்து, கியர் ஒயிலை வடித்துவிடுங்கள். டை ரொட் முனையை ஹப்பைத் தாங்கும் நக்கிளிலிருந்தும், போல் ஜொயின்ட்டைக் கீழ்க்கையிலிருந்தும் விடுவியுங்கள். ஏ.பி.எஸ். வயர் இருந்தால் அதன் பிடியைக் கழற்றுங்கள். ஹப் நட்டை ஷாஃப்ட் முனையோடு சமமாக வரும்வரை திருப்பி வைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டினால் பற்கள் விடும். நட்டு இல்லாமல் நேரே சுத்தியலால் அடித்தால் புரி மலர்ந்துவிடும். நக்கிளை வெளியே இழுக்கும்போது பிறேக் ஹோஸ் விறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கியர் பெட்டிப் பக்கம் உள் ஜொயின்ட்டுக்கும் பெட்டிக்கும் இடையில் தட்டையான நெம்புகோல் வைத்து வெடுக்கென்று நெம்ப வேண்டும். பெட்டி அலுமினியம், சீல் இருக்கும் விளிம்பில் நெம்புகோல் ஊன்றக் கூடாது. ஷாஃப்டின் நடுவைப் பிடித்து இழுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்படி இழுத்தால் முனை பெட்டியிலேயே இருக்க, ட்ரைபொட் மட்டும் கிண்ணத்திலிருந்து கழன்று உள் றப்பரைக் கிழித்துக்கொண்டு வரும்.

மேசையில்

கிளிப்புகளை வெட்டி எறிந்து, உள் கிண்ணம், ட்ரைபொட், ஷாஃப்ட் மூன்றிலும் ஒரே நேர்க்கோட்டில் பெயின்ற் அடையாளம் வையுங்கள். பஞ்ச் ஆணியால் குத்தி அடையாளம் வைக்கக் கூடாது. கிண்ணத்தை எடுத்து, ட்ரைபொட்டை ஷாஃப்டில் பிடித்திருக்கும் சேர்கிளிப்பைக் கழற்றி, ட்ரைபொட்டை உருளைகளில் படாமல் பித்தளைக் கம்பியால் தட்டி எடுங்கள். பற்களின் மேல் ஒட்டுநாடா சுற்றிய பிறகே றப்பர்களை உருவவும் போடவும் வேண்டும். பல்லின் கூர் புது றப்பரின் உதட்டைக் கீறினால் அன்றைக்கே கசிவு தொடங்கும்.

இங்கேதான் அதிக நேரம் போக வேண்டும். வெளி ஜொயின்ட்டை வாளியில் மண்ணெண்ணெய் வைத்து, மடித்து மடித்துத் திருப்பி, தூரிகையால் கழுவுங்கள். முதல் நீர் கறுப்பாக வரும். மூன்றாவது நான்காவது தடவைக்குப் பிறகு தெளிந்த மண்ணெண்ணெயிலும் அடியில் மணல் படியாத நிலை வர வேண்டும். காற்று அடித்து நன்றாக உலர்த்துங்கள், மண்ணெண்ணெய் மிஞ்சினால் புதுக் கிறீஸை இளக்கிவிடும். உலர்ந்த பின் உள் வளையத்தை ஒரு பக்கம் முழுதாகச் சாய்த்தால் குண்டும் தடமும் வெளியே தெரியும். ரோச் லைற் அடித்து ஆறு தடத்தையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மினுங்கும் பட்டை சாதாரணத் தேய்வு. நகம் சிக்கும் குழி, உரிந்த செதில், நீலம் பாய்ந்த நிறம் எதுவும் இருந்தால் றப்பர் மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டு, பாவித்த ஷாஃப்டைத் தேடுங்கள். கழுவிப் பார்க்காமல் புதுக் கிறீஸ் அடைத்து மூடிய ஜொயின்ட் சத்தத்தைச் சில வாரம் மறைக்கும், தேய்வை நிறுத்தாது.

கிற்றில் இரண்டு கிறீஸ் பொதிகள் இருக்கும், வெளிக்கு ஒன்று, உள்ளுக்கு ஒன்று. இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. குண்டு ஜொயின்ட்டுக்கு மொலிப்டினம் கலந்த கறுப்புக் கிறீஸ், ட்ரைபொட்டுக்கு வேறு. பெயாரிங்குக்குப் போடும் சிவப்புக் கிறீஸ் இரண்டுக்கும் ஈடாகாது. வெளி ஜொயின்ட்டுக்குள் குண்டுகளுக்கிடையில் பிதுங்கி வரும்வரை அழுத்தி அடைத்து, மிச்சத்தை றப்பருக்குள் விடுங்கள். பொதியில் உள்ளது முழுதும் போக வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். மிகையான கிறீஸ் சூடாகி றப்பரை ஊதச் செய்து கிளிப்பின் வழியே வெளியேறும்.

ட்ரைபொட்டைத் திரும்பப் போடும்போது பற்களின் சரிவான விளிம்பு வெளி ஜொயின்ட் பக்கம் பார்க்க வேண்டும், பெயின்ற் அடையாளம் சேர வேண்டும், சேர்கிளிப் புதியதாக இருக்க வேண்டும். றப்பரின் உதடு ஷாஃப்டில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்த பின், கிளிப் இறுக்கும் முன், மழுங்கிய ஸ்குறூ டிரைவரை உதட்டுக்கு அடியில் விட்டு உள்ளே அடைபட்ட காற்றை விடுங்கள். ஷாஃப்டை அதன் இயல்பான நீளத்தில் வைத்தபடி, றப்பர் முறுகாமலும் குழியாமலும் இருப்பதைப் பார்த்துவிட்டு இறுக்குங்கள்.

திரும்பப் பொருத்தும்போது

கியர் பெட்டியின் ஒயில் சீலை இப்போது மாற்றாவிட்டால் வேறெப்போதும் மாற்ற மனம் வராது. விலை மிகக் குறைவு, பழையது வெளியே எடுத்த ஷாஃப்டின் உரசலில் உதடு மடிந்திருக்கவும் கூடும். உதட்டில் கிறீஸ் பூசி, முனை லொக் ரிங்கைப் புதிதாகப் போட்டு, அதன் திறப்பு கீழ்நோக்க வைத்து ஷாஃப்டை நேராகத் தள்ளுங்கள். கிளிக் என்று உட்கார வேண்டும். உள் ஜொயின்ட்டைக் கையால் இழுத்தால் வெளியே வரக் கூடாது.

இறுக்க வேண்டிய அளவுகள்: கீழ்க்கை போல் ஜொயின்ட் 142 நியூட்டன் மீற்றர், டை ரொட் நட்டு 49, ஹப் நட்டு 216, சில்லு நட்டு 103. டை ரொட் நட்டில் பின் போகும் ஓட்டை நேராக வராவிட்டால் மேலும் கொஞ்சம் இறுக்கித்தான் சேர்க்க வேண்டும், இளக்கிச் சேர்க்கக் கூடாது. ஹப் நட்டின் கடைசி இறுக்கம் கார் நிலத்தில் நின்ற பின், பிறேக்கை மிதித்தபடி. ஆனால் சில்லை நிலத்தில் ஊன்றுமுன் அந்த நட்டு ஓரளவு நன்றாகவே இறுகியிருக்க வேண்டும். ஸ்பிளிட் பின் எப்போதும் புதியது.

மனுவல் சி50 கியர் பெட்டிக்கு 75டபிள்யூ-90 ஒயில் 1.9 லீற்றர். நிரப்பும் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை வந்தால் சரி. ஓட்டோவுக்கு டெக்ஸ்ரொன் வகை. வடித்த அளவை அளந்து அதே அளவு ஊற்றி, எஞ்சின் சூடான பின் சும்மா ஓடவிட்டு, எல்லா நிலைக்கும் ஒரு தடவை கியரை நகர்த்திவிட்டு அளவுக்கோலில் பார்க்க வேண்டும். பழைய மூன்று வேக ஓட்டோ பெட்டிகளில் டிஃபரென்ஷலுக்குத் தனி ஒயில் தொட்டி இருக்கும். அதை மறந்து ஓட்டினால் பற்கள் காய்ந்து எரியும்.

நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு சில்லைக் கழற்றி, இரு கிளிப்பின் ஓரத்தையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரிந்தால் கிளிப்பை மாற்றுங்கள், கிறீஸ் வரி தெரிந்தால் றப்பர் பள்ளத்தில் உட்காரவில்லை. கியர் பெட்டியின் சீல் ஓரத்தில் ஒரு சொட்டும் இல்லாவிட்டால், அடுத்த பார்வை ஒயில் மாற்றும் நாளில்.